துரு ஒரு குற்றமல்ல

பழவேற்காட்டில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் லைட் ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம் என்று அடுத்தடுத்து மீனவக் குப்பங்கள். சைக்கிள் சங்கிலி, ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், தகரக் கூரை என எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கம்பியில் துரு ஏறினால் கண்ணுக்குத் தெரியும். சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். மீன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டியின் கதை வேறு. கதவும் முகப்பும் புதுப் பெயின்ட்டில் பளபளக்கும். கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர் எழுதியிருக்கும். முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். இத்தனையையும் தாங்குகிற சேசிஸ் மட்டும் அடியில் யார் கண்ணிலும் படாமல் கரைந்துகொண்டிருக்கும்.

சேசிஸின் அமைப்பு எளிமையானது. முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். என்ஜின், கேபின், சரக்குத் தொட்டி, சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சட்டத்தின் தகடு சில மில்லிமீட்டர் கனமே இருக்கும். பழவேற்காட்டு இறாலும் நண்டும் மீனும் பெட்டி பெட்டியாக ஐஸ் போட்டுப் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் காசிமேட்டுக்கும் போகும்போது, உருகும் ஐஸ்நீர் மீனின் உப்பையும் சேர்த்துக்கொண்டு தொட்டியின் இடுக்கு வழியே சொட்டுச் சொட்டாகச் சட்டத்தின்மேல் விழுகிறது. சாலையின் மணலும் சேறும் சட்டத்தின் உள்மடிப்பில் போய் அடைந்துகொள்கின்றன. அந்தச் சேறு காய்வதே இல்லை.

உப்பு செய்யும் வேலை நுட்பமானது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும் இரும்பின்மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் நின்றுகொண்டிருக்கிறது. அதிலுள்ள குளோரைடு, இரும்பின்மேல் தானாக உருவாகும் காப்புப் படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. துளைத்த இடத்தில் அமிலம் சேர்ந்து குழி ஆழமாகிறது. இந்த வேலையில் குளோரைடு தீர்ந்துபோவதும் இல்லை. அடுத்த இரும்பு அணுவுக்கு அப்படியே நகர்ந்து போகிறது. உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் தகடு உப்பி, அடுக்கடுக்காகப் பிளந்து உரிகிறது.

இப்படிப்பட்ட வண்டி பட்டறைக்கு வந்தால் முதல் சோதனைக்குக் கருவி ஒரு சுத்திதான். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சட்டத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். உளுத்த இடம் வந்ததும் ஓசை அடங்கித் தொப்பென்று கேட்கும். இன்னும் இரண்டு தட்டு தட்டினால் பெயின்ட்டோடு சேர்ந்து பழுப்புத் தகடு கையகலத்துக்கு உதிர்ந்து முகத்தில் விழும். பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைகிற இடமும், ஸ்பிரிங் பட்டை வந்து கவ்வுகிற இடமும் அநேகமாக முதலில் போகின்றன. சேறு தங்குவதும் பாரம் விழுவதும் அங்கேதான்.

தட்டி முடித்த கையோடு மூன்று வழிகள் கண்முன் நிற்கும். பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்து, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு ஓட்டலாம், ஓட்ட மனமில்லாவிட்டால் விற்றுவிடலாம். உளுத்ததை வெட்டி எடுத்து, நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். அல்லது இந்த வண்டியின் காலம் முடிந்தது என்று சொல்லிவிடலாம். எதைத் தேர்ந்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. இரண்டுக்கும் அடியில் பழைய கேள்வி ஒன்றும் கிடக்கிறது. அழிவதையே இயல்பாகக் கொண்ட ஒரு பொருளை எதுவரை காப்பாற்றலாம்? எந்த இடத்தில் கைவிட வேண்டும்? அதன் பழுதை யாருக்கெல்லாம் சொல்லியாக வேண்டும்?

பழவேற்காடு இந்தக் கேள்வியைக் கேட்கப் பொருத்தமான ஊர். விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், தலைமுறைகள் தொழுத பள்ளிவாசல்கள், போர்ச்சுகீசியர் காலத்தில் வேரூன்றிய மகிமை மாதா ஆலயம், 1613-இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையின் மிச்சம், எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயிலோடு டச்சுக் கல்லறைத் தோட்டம் என்று எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. இங்கே பின்பற்றப்படும் மூன்று சமயங்களுமே துருவைப் பற்றிப் பேசியிருக்கின்றன.

சைவ சித்தாந்தம் உயிரின் குறையைச் சொல்ல உலோகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த மரபில், உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் இருக்கும் களிம்பு உவமை. இந்த உவமையின் கூர்மை களிம்பு எப்போது வந்தது என்பதில் இருக்கிறது. செம்பு ஒரு காலத்தில் சுத்தமாக இருந்து பிறகு கெட்டுப்போனதாகச் சித்தாந்தி சொல்வதில்லை. செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் உண்டு. உயிரும் ஆணவமும் அநாதியிலேயே சேர்ந்திருப்பவை. உயிர் வீடுபேறு அடைந்தாலும் ஆணவம் இல்லாமல் போவதில்லை. அதன் சக்தி அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இரும்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும்போது இரும்பு பெரும்பாலும் ஆக்சைடாகத்தான் கிடைக்கிறது. சிவந்த அந்தத் தாதுவும் துருவும் நெருங்கிய உறவு. உலையில் ஏற்றி, நிலக்கரியை எரித்து, பெரும் வெப்பத்தைச் செலவழித்துத்தான் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கிறோம். அப்படிப் பிரித்த இரும்பு தகடாகி, சட்டமாகி, வண்டியாகி ஓடிக்கொண்டிருக்கும் காலம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவே பார்த்துக்கொண்டிருக்கிறது. கடற்காற்று அந்தத் திரும்பலை விரைவாக்குகிறது. துரு வெளியிலிருந்து வந்த பகைவன் என்று நினைப்பவர் அதை ஒருமுறை சுரண்டிப் போட்டால் தீர்ந்தது என்று நம்புவார். அது இரும்பின் பிறவிக்குணம் என்று அறிந்தவர் வருடாவருடம் வண்டிக்கு அடியில் படுப்பார்.

கிறிஸ்தவ மறை துருவை வேறொரு கோணத்தில் தொடுகிறது. மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் நடுவே, மண்ணில் செல்வம் சேர்த்து வைக்காதீர்கள் என்று இயேசு சொல்லும்போது அதற்குக் காரணமாகப் பூச்சியையும் துருவையும் திருடரையும் காட்டுகிறார். எதன்மேல் மனத்தை வைக்கிறோம் என்பது அங்கே கேள்வி. கடன் வாங்கி வாங்கிய வண்டியே குடும்பத்தின் சொத்து, கௌரவம், மகளின் கல்லூரிக் கட்டணம் என்று ஆகிவிட்ட வீட்டில் இந்த எச்சரிக்கை நேராக வந்து இடிக்கும். வண்டியின்மேல் வைத்த மனசுதான் பல நேரங்களில் சுத்தியின் ஓசையைக் காதில் வாங்க விடாமல் செய்கிறது.

மூன்றாவது குரல் குர்ஆனுடையது. அதன் 57-ஆவது அத்தியாயத்தின் பெயரே இரும்பு. இரும்பில் பெரும் வலிமையும் மனிதர்களுக்குப் பல பயன்களும் இருக்கின்றன என்று அந்த அத்தியாயம் கூறுகிறது. 83-ஆவது அத்தியாயம் இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. அவர்கள் செய்துவந்த செயல்களே அவர்களுடைய உள்ளங்களில் துருவாகப் படிந்துவிட்டன என்ற பொருளில் அதில் ஒரு வசனம் வருகிறது. அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், அது அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டித்துத்தான் ஆரம்பிக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்கள். சந்தையில் நடக்கும் சின்ன ஏமாற்று உள்ளத்தில் துருவாக ஏறுகிறது என்பது அங்கே சொல்லப்படும் தொடர்பு.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. துரு ஏறுவது குற்றமல்ல. உப்புக்காற்றில் உழைத்த இரும்புக்கு அது வந்தே தீரும். அதை மறைப்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. பட்டி பூசிக் கறுப்படித்த சேசிஸ் பொய்யான நிறைகல்லுக்குச் சமம். வாங்குகிறவருக்கு இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டிக் காசு வாங்குகிறது. அந்தப் பொய்யின்மேல் ஏறி உட்காருகிறவர்களை நினைத்தால் குற்றத்தின் எடை இன்னும் கூடும். விடியற்காலையில் மீன் கூடைகளோடு வண்டியின் பின்னால் ஏறிச் சந்தைக்குப் போகும் பெண்கள் சேசிஸைக் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஓட்டுநரை நம்பி ஏறுகிறார்கள். ஸ்பிரிங் பட்டை கவ்விய இடம் வளைவில் பிய்த்துக்கொண்டு போனால், பெயின்ட் அடித்தவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார்.

ஒழுங்காகச் செய்த பழுதுபார்ப்பு இதற்கு நேர் எதிரானது. அது மறைத்திருப்பதைத் திறந்து காட்டும் வேலை. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவார்கள். டீசல் டேங்க்கையும் குழாய்களையும் தள்ளி வைப்பார்கள். வெல்டிங் தீப்பொறிக்கு அவை காத்திருக்கக் கூடாது. பிறகு கிரைண்டரை எடுத்து உளுத்த தகட்டை வெட்ட வேண்டும். ஓட்டை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு மட்டும் வெட்டினால் போதும் என்று உரிமையாளருக்குத் தோன்றும். நல்ல மேஸ்திரி கேட்க மாட்டார். பளபளவென்று வெள்ளை இரும்பு தெரிகிற வரையில், தகடு தன் முழுக் கனத்தோடு நிற்கிற வரையில் வெட்டிக்கொண்டே போவார். எலுமிச்சம்பழ அளவு தெரிந்த ஓட்டை முழங்கை நீளத்துக்கு விரியும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வண்டியையே வெட்டுவதுபோல் இருக்கும். துருவின்மேல் போட்ட வெல்டிங் பிடிக்காது என்பதால் இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

புதுத் தகடு வைக்கும் முறையிலும் ஒரு அறிவு இருக்கிறது. நீளச் சட்டத்தை மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் வெட்டி ஒட்டினால் பாரமெல்லாம் அந்த ஒரே கோட்டில் வந்து விழும்; பிறகொரு நாள் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். அதனால் தகட்டின் முனைகளைச் சாய்வாகவோ கூம்பாகவோ வெட்டிப் பாரத்தைப் பரப்பி வாங்குவார்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில்தான் இழுப்பும் அழுத்தமும் அதிகம். அங்கே துளை போடுவதையும் குறுக்கே வெல்டிங் ஓட்டுவதையும் தவிர்ப்பார்கள். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் போடுவார்கள். கடைசியில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட், பெட்டிச் சட்டமாக இருந்தால் உள்ளே மெழுகோ எண்ணெயோ. அந்தப் பெயின்ட்டும் பட்டி பூசி மறைத்தவர் அடித்த அதே கறுப்புப் பெயின்ட்தான். ஆனால் அடியில் இருப்பது வேறு.

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. வெட்டி வெட்டி ஒட்டிய வண்டி அதே வண்டிதானா?

அரசின் சட்டத்துக்கு இதில் குழப்பம் கிடையாது. சேசிஸில் பொறித்த எண் எதுவோ அதுவே வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அந்த எண்தான். என்ஜின் மாறலாம், கேபின் மாறலாம், தொட்டி மாறலாம். சேசிஸ் எண்ணை அழித்தாலோ திருத்தினாலோ அது குற்றம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, தன் 52-ஆவது பிரிவில் தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதற்கும் கட்டுப்பாடு விதிக்கிறது. ஆக, அரசின் பார்வையில் வண்டியின் உயிர் சேசிஸில் குடியிருக்கிறது.

ஏறத்தாழ 2100 ஆண்டுகளுக்கு முன் வட மேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க வம்சத்து மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் நடத்திய உரையாடல் இந்த நம்பிக்கையைத்தான் உலுக்குகிறது. பாலி மொழியில் உள்ள மிலிந்த பஞ்ஹா என்னும் நூல் அந்த உரையாடலைச் சொல்கிறது. ரதத்தில் வந்ததாக மன்னன் சொன்னதும், அந்த ரதம் எது என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஏர்க்காலா, அச்சா, சக்கரங்களா, நுகத்தடியா? அந்தப் பட்டியலில் ரதத்தின் சட்டமும் ஒன்றாக வருகிறது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். உறுப்புகள் சேர்ந்து நிற்கும்போது அந்தச் சேர்க்கைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ரதம். மனிதனும் அப்படியே என்று அவர் முடிக்கிறார். மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நாகசேனர் வந்திருந்தால், சேசிஸ் மட்டும் எப்படி வண்டியாகும் என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

இந்தத் தத்துவச் சிக்கல் அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வண்டிகளில் நடந்தே விட்டது. அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பில் டொயோட்டாவின் டகோமா பிக்கப் வண்டிகளின் சேசிஸ் கையால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்தது. 1995 முதல் 2000 வரையிலான மாடல்களில் மோசமாகத் துருப்பிடித்தவற்றைச் சந்தை மதிப்பில் ஒன்றரை மடங்கு கொடுத்து நிறுவனம் 2008-இல் திரும்ப வாங்கத் தொடங்கியது. அடுத்த தலைமுறை வண்டிகளுக்காக வழக்கு நடந்து, 2016-இல் ஒரு சமரசம் அறிவிக்கப்பட்டது. தவறை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதிக்கவும், உளுத்த சேசிஸுகளை முழுதாக மாற்றித் தரவும் இசைந்தது. மொத்த மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். என்ஜின், கேபின், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி, புதிய சேசிஸின்மேல் பூட்டிக் கொடுத்தார்கள். அரசின் பார்வையில் உயிர் குடியிருந்த அந்த ஒன்றே போய்விட்டது. இருந்தும் வீட்டுக்கு வந்தது தங்கள் பழைய வண்டிதான் என்பதில் உரிமையாளர் எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அப்படியானால் எது தொடர்ந்தது? இரும்பு தொடரவில்லை. வண்டியைப் பற்றிய பொறுப்பு தொடர்ந்தது. அதை வைத்திருப்பவர், அதற்கு உத்தரவாதம் சொல்பவர், அதை நம்பி ஏறுபவர் ஆகியோருக்கு நடுவே இருக்கும் உறவு அறுந்துபோகாமல் இருந்தது. பௌத்தர் சொல்வதுபோல் வண்டி ஒரு பெயர் மாத்திரமே என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறார். சேசிஸ் எண்ணின் பயன் அங்கேதான் இருக்கிறது. எந்த இரும்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் கை காட்ட அது உதவுகிறது.

எதை மாற்றலாம், எதைச் சேர்த்து ஒட்டலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு நெடுங்கால அனுபவம் உண்டு. ஆகம, சிற்ப நூல்கள் ஜீர்ணோத்தாரணம் என்று இதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கின்றன. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ சிறு பிம்பத்துக்கோ மாற்றிவிடுவார்கள். அதன் பிறகே உளியும் கடப்பாரையும் உள்ளே போகும். பழுதான சிலையைப் பற்றிய விதி இன்னும் கவனிக்கத்தக்கது. ஆபரணமோ ஆயுதமோ விரல் நுனியோ சிதைந்திருந்தால் சரிசெய்து வழிபடலாம். தலை, உடல் போன்ற முதன்மை அங்கங்கள் பின்னப்பட்டால் அந்தச் சிலையை முறைப்படி விலக்கி, நீரில் விட்டு, புதியது வடிக்க வேண்டும். சேசிஸின் முன் குனிந்து நிற்கும் மேஸ்திரி தன்னையறியாமல் இதே பிரிவினையைத்தான் செய்கிறார். ஒரு குறுக்குச் சட்டம், தொட்டியைத் தாங்கும் ஒரு பிராக்கெட் போயிருந்தால் மாற்றிவிடலாம். இரண்டு நீளச் சட்டங்களும் பல இடங்களில் உளுத்து, வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பே மிச்சமில்லை என்றால் ஒட்டுப்போட இடமில்லை.

விடுவதற்கு மனம் வராது என்பதும் கோயில்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் விலக்குவதற்கும் ஒரு சடங்கு வைத்தார்கள். குப்பையில் எறிவதும் மரியாதையோடு நீரில் சேர்ப்பதும் ஒன்றல்ல.

இதே அளவுகோலைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பாம்பனுக்குப் போகலாம். 1914-இல் திறந்த அந்த ரயில் பாலம் உப்புக்காற்று இரும்பை மிகக் கடுமையாகத் தின்னும் இடத்தில் நின்றது. 1964 டிசம்பர் புயல் அதன் கர்டர்களில் பெரும்பாலானவற்றைக் கடலில் தள்ளியபோது, இ. ஸ்ரீதரன் தலைமையிலான அணி கடலில் விழுந்தவற்றை மீட்டெடுத்துப் பூட்டி 46 நாளில் ரயிலை ஓட வைத்தது. பிறகும் பல பதிற்றாண்டுகள் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் கர்டர் மாற்றுவதுமாகவே கழிந்தன. 2022 டிசம்பரில் துருவின் நிலையைப் பார்த்து ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழுதுபார்த்ததும் சரி, ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்தியதும் சரி. இரண்டுமே ரயிலில் உட்கார்ந்திருக்கிறவரின் உயிரை முன்வைத்து எடுத்த முடிவுகள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. ரயில்வேக்குப் புதிய பாலம் கட்டப் பணம் உண்டு. அமெரிக்க உரிமையாளருக்கு வழக்கறிஞர்களும் நிறுவனமும் இருந்தார்கள். பழவேற்காட்டில் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய பிக்கப்பைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? வண்டி முடிந்தது என்று மேஸ்திரி சொன்னால், மறுநாள் காலை அவர் மீனை எதில் ஏற்றுவார்? எட்டு வருடத்தைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். 2021-இல் வந்த வாகன அழிப்புக் கொள்கை பழைய வண்டிகளைச் சோதனைக்கு அழைக்கிறது. விதிகள் எல்லாம் உண்மையைக் கேட்கின்றன. உண்மையைச் சொன்னவரின் அடுத்த மாதத் தவணையை யார் கட்டுவது என்று எந்த விதியும் சொல்வதில்லை. பட்டி பூசுகிற கையைப் பல நேரங்களில் பேராசையைவிடப் பயமே இயக்குகிறது.

ஆகவே அறத்தின் சுமை வண்டிக்காரர் தலையில் மட்டும் விழக் கூடாது. இதற்கு வழி காட்டும் ஒரு மரபு இந்த ஏரியிலேயே இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்களிடம் தலைமுறைகளாக வழங்கிவருவது பாடு முறை. ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் இடங்களைத் தலைக்கட்டுகளுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம், அடுத்த முறை எனக்கு. யாருக்கு எந்த நாள், எந்தத் துறை என்பது ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் தீர்மானமாகும். நீருக்கு மேல் கோடு கிழிக்க முடியாது. எல்லாரும் பார்க்க முடிவு செய்ததால்தான் அந்தக் கோடு நிற்கிறது. பாடு முறையிலும் சச்சரவு உண்டு. அதில் இடம் கிடைக்காத சமூகங்களின் மனக்குறையும் உண்டு. ஆனாலும் நல்ல இடமும் மோசமான இடமும் ஒருவர் தலைவிதியாகவே ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம் அதன் அடிப்படையில் இருக்கிறது.

அதே எண்ணத்தை வண்டிகளுக்கும் நீட்டலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏரியின் சிறு படகுகளுக்கு அது பொருந்தாவிட்டாலும், காசிமேட்டு விசைப்படகுகள் கரையேறி மராமத்துக்குப் போகும் காலம் அது. கோடை வெயிலில் சேறு காயும், பெயின்ட் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். குப்பத்துக்குக் குப்பம் அந்த நாட்களில் வண்டிகளை ஒன்றாக நிறுத்தி, உரிமையாளர்கள் எல்லாரும் பார்க்க ஒவ்வொரு சேசிஸையும் தட்டிப் பார்க்கலாம். தொட்டிக்கு அடியில் ஐஸ்நீர் வெளியே போக ஒரு குழாய் வைப்பதும், வாரத்துக்கொரு முறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவதும், இடுக்கில் எண்ணெய் விடுவதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் படகுக்கும் வலைக்கும் கடன் ஏற்பாடு செய்வதுபோல் சேசிஸ் பழுதுக்கும் சிறு கடன் கொடுக்கலாம். ஒரு வண்டி முடிந்தது என்று தீர்ப்பானால், மாற்று வண்டி வரும்வரை அந்தக் குடும்பத்தின் மீனை மற்ற வண்டிகள் முறை வைத்து ஏற்றிக்கொள்ளலாம். விற்கும்போது, வெட்டி ஒட்டிய இடத்தின் படங்களைச் செல்போனில் எடுத்து வைத்திருந்து, பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதை வாங்குகிறவருக்குக் காட்டிவிடலாம். அந்தப் படங்களால் விலை கொஞ்சம் இறங்கக்கூடும். இறங்கிய அந்தத் தொகையை விற்றவர் ஒருவரே தாங்கட்டும் என்று விடுவதா, ஊரும் சங்கமும் பகிர்ந்துகொள்வதா என்பதைப் பழவேற்காட்டின் கூட்டங்கள் பேசித் தீர்க்க முடியும். ஏரியின் தண்ணீரையே பேசிப் பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள்.